ஸிரியைத் தேடும் இரண்டு கெரால்ட்கள்

2015 மே மாதம் வெளியான 'தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்' என்ற வீடியோ கேமின் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கெரால்ட் தன் வளர்ப்பு மகள் ஸிரியைத் தேடுகிறான். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி விட்சர்' தொடரின் முதல் சீசனும் இதே இருவரைப் பிரித்து வைத்துத்தான் நகர்கிறது. எட்டு எபிசோடுகள் ஓடி, கடைசி எபிசோடின் கடைசி நிமிடங்களில்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கேமிலும் சந்திப்பு வெகுநேரம் தள்ளிப்போகிறது. நிதானமாக விளையாடுகிறவர்களுக்கு அதற்குள் பல வாரங்கள் கடந்திருக்கும்.

பாத்திரங்களும் ஒன்று, பிரிவும் ஒன்று. ஆனாலும் மூடுபனித் தீவின் குடிசைக்குள் நுழைந்து, அசைவற்றுக் கிடக்கும் ஸிரியை கெரால்ட் அள்ளி அணைக்கும் இடத்தில் கேமை ஆடிக்கொண்டிருப்பவரின் கை கன்ட்ரோலரில் உறைந்துவிடுகிறது. தொடரில் இருவரும் காட்டுக்குள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது, நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதற்கு மேல் ஒன்றும் நேர்வதில்லை. தொடரில் நல்ல நடிகர்கள் இருக்கிறார்கள், பணம் தாராளமாகச் செலவாகியிருக்கிறது, அக்கறையும் குறைவில்லை. கற்பனை உலகக் கதைகளில் ஒரு பாத்திரம் எதனால் உயிர்பெறுகிறது என்ற கேள்விக்கான விடை இந்த ஒரு வேறுபாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புகிறேன்.

இரண்டுக்கும் மூலம் போலந்து எழுத்தாளர் ஆன்ட்ஜெய் சப்கோவ்ஸ்கியின் கதைகள். 1986இல் 'ஃபன்டாஸ்டிகா' இதழில் வந்த ஒரு சிறுகதையில் கெரால்ட் பிறந்தான். 1990களில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் ஐந்து நாவல்களுமாக அந்த உலகம் விரிந்தது. விட்சர் என்பவன் சிறுவயதிலேயே மருந்துகளும் மந்திரமும் செலுத்தப்பட்டு உடல் மாற்றப்பட்டவன். கூலிக்குப் பேய்விலங்குகளை வேட்டையாடுகிறவன். ஊர் அவனைத் தேவைக்கு அழைக்கும், வேலை முடிந்ததும் விரட்டும். போலந்தின் ஸி.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2007, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று கேம்களை வெளியிட்டது. மூன்றாவது மட்டும் ஐந்து கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றதாக நிறுவனம் 2023இல் அறிவித்தது. போலந்தில் 2001இல் ஒரு திரைப்படமும் அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தன. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு கேம்களிலும் ஸிரி இல்லை. அதாவது 2015இல் மூன்றாவது கேமைத் திறந்தவர்களில் நாவல்களைப் படிக்காத லட்சக்கணக்கானோருக்கு அவள் முன்பின் தெரியாதவள். அப்படிப்பட்ட ஒருத்தியைத் தேடி நூறு மணி நேரம் அலையச் சொன்னால் எவருக்கும் அலுத்துவிடும். கேமின் எழுத்தாளர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் அவர்களுடைய திறமை இருக்கிறது.

கேம் ஒரு கனவில் தொடங்குகிறது. கேர் மோர்ஹென் என்ற பாழடைந்த மலைக்கோட்டை. விட்சர்கள் வளர்ந்த இடம் அது. சிறுமி ஸிரி படிக்க வேண்டிய புத்தகத்தைப் போட்டுவிட்டு முற்றத்துக் கம்பங்களின் மேல் ஏறி வாள் பழகிக்கொண்டிருக்கிறாள். பாடம் சொல்லித்தர வேண்டிய கிழவர் வெஸெமிர் அசந்து தூங்கிவிட்டார். கெரால்ட் அவளைக் கண்டிக்க வருகிறான், ஆனால் கண்டிப்பு முகத்தில் நிற்கவில்லை. எல்லா கேம்களையும் போலவே இங்கேயும் முதல் சில நிமிடங்கள் எப்படி ஓடுவது, எப்படிக் குதிப்பது, எப்படி வாள் வீசுவது என்று கற்றுத்தருவதற்கானவை. அந்தச் சலிப்பான பயிற்சி நேரத்தை ஸிரியோடு கழிக்க வைத்தார்களே, அதை நினைக்குந்தோறும் வியப்பாக இருக்கிறது. அவள் பின்னால் ஓடித்தான் நாம் ஓடப் பழகுகிறோம். பிறகு வானம் உறைகிறது, பேய்க்குதிரை வீரர்கள் இறங்குகிறார்கள், கனவு கலைகிறது. ஸிரி நம் கையில் இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். ஆனால் அது போதும். சேர்ந்திருந்ததைக் காட்டாமல் பிரிவைப் பாட முடியாது என்பது அகப்பாடல் படித்த யாருக்கும் தெரியும்.

அதன்பின் கேம் அவளை மறைத்துவிட்டு, அவளைப் பார்த்தவர்களை நம்முன் நிறுத்துகிறது. வெலென் என்ற சதுப்பு நாட்டின் பாரன் அவளைப் பற்றி ஒன்று சொல்கிறான். நாவிகிராட் நகரத்தில் பாணன் டாண்டிலயனைச் சுற்றியிருப்பவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். ஸ்கெலிகே தீவுகளில் அவளைக் காப்பாற்றிய ஒரு இளைஞனின் கதை வேறு மாதிரி வருகிறது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் கேம் ஒரு காரியம் செய்கிறது: கட்டுப்பாட்டை கெரால்டிடமிருந்து எடுத்து ஸிரியிடம் கொடுக்கிறது. கொஞ்ச நேரம் நாமே ஸிரியாக ஓடுகிறோம். ஓநாய்கள் திரியும் காட்டில் கிரெட்கா என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறோம். ஒரு காலத்தில் கெரால்ட் தனக்குச் செய்ததை அவள் இன்னொரு குழந்தைக்குச் செய்கிறாள் என்று அங்கே யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அந்தக் காட்சியே கெட்டிருக்கும். மறுபடி கெரால்டாகத் திரும்பி வரும்போது நாம் தேடுவது ஒரு பெயரை இல்லை. அவள் எப்படி நடப்பாள், யாருக்காக நிற்பாள் என்பதெல்லாம் நமக்கு இப்போது தெரியும்.

இப்போது தொடரைப் பார்ப்போம். சப்கோவ்ஸ்கியின் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு முக்கியமான கதை உண்டு. புரோகிலோன் வனத்தில் கெரால்ட் ஒரு சிறுமியைச் சந்திக்கிறான். அவள்தான் தனக்கு வாக்களிக்கப்பட்ட குழந்தை என்று தெரியாமலேயே அவளைக் காப்பாற்றுகிறான், அவளுடைய அடத்தைப் பொறுத்துக்கொள்கிறான், மெல்ல மெல்ல அவளிடம் ஒட்டிக்கொள்கிறான். தெரிந்த பிறகும் அவளை விட்டுவிட்டுப் போகிறான். பின்னொரு கதையில் ஸின்ட்ரா நாடு அழிந்து, அவள் இறந்திருப்பாள் என்று அவன் நம்பியிருக்கும்போது, ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் அவளைப் பார்க்கிறான். அந்த இரண்டாம் சந்திப்பின் முழுச் சுமையையும் தாங்குவது முதல் சந்திப்புதான்.

தொடரின் முதல் சீசன் அந்த முதல் சந்திப்பை எடுத்துவிட்டது. புரோகிலோன் இருக்கிறது, ஆனால் அங்கே ஸிரி மட்டும் போகிறாள். அவளுக்குத் துணையாகத் தொடருக்கென்று உருவாக்கப்பட்ட டாரா என்ற எல்ஃப் சிறுவன் வருகிறான். கெரால்டுக்கோ தனக்கு ஒரு குழந்தை வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி மட்டும் உண்டு. நான்காம் எபிசோடின் விருந்தில் அந்த வாக்கைத் தன்னையறியாமல் பெற்று, உடனே அதிலிருந்து விலகி ஓடுகிறான். ஏழாம் எபிசோடில்தான் ஸின்ட்ராவுக்குத் திரும்பி வருகிறான், வந்ததும் சிறையில் அடைபடுகிறான். பொறுப்பிலிருந்து தப்பி ஓடும் ஒரு மனிதனைக் காட்டுவதே அவர்களுடைய நோக்கம் என்றால் அதில் தவறில்லை, அது நல்ல நோக்கம்தான். ஆனால் ஸிரி முகமே அறியாத ஒருவனைத் தேடி ஓடுகிறாள், அவன் முகமே அறியாத ஒருத்தியிடமிருந்து ஓடுகிறான், இடையில் இருப்பவர்கள் எல்லாரும் விதி, விதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விதி என்பது கதையாசிரியரின் ஏற்பாடு. அதைப் பார்வையாளர் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அதன்மேல் பாசம் வைக்க முடியாது. இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டதைக்கூடப் பார்க்காத நமக்கு, அவர்கள் கட்டிக்கொள்வதில் என்ன பங்கு இருக்க முடியும்? அணைப்பு முடிந்ததும் ஸிரி கேட்கும் முதல் கேள்வி யென்னஃபர் யார் என்பது. அடுத்த சீசனுக்கான கொக்கி அது. இவர்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள இன்னும் சொந்தமாக எதுவும் சேரவில்லை என்பதையும் அந்தக் கேள்வி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கேம் ஜெயிப்பதற்குக் காரணம் தேர்வு செய்யும் உரிமை ஆடுபவரிடம் இருப்பதுதான் என்று சொல்வார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் ஆடுபவருக்கு இதைவிட எவ்வளவோ சுதந்திரம் உண்டு. இனம், முகம், பெயர் எல்லாவற்றையும் அவரே அமைத்துக்கொள்ளலாம். அந்த நாயகன் யார் என்று இன்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கெரால்டுக்கோ முகமும் வயதும் குரலும் முன்பே தீர்மானமாகிவிட்டன. ஆங்கிலத்தில் டக் காக்கிளின் கரகரத்த குரல், போலிஷில் யாட்செக் ரோஸெனெக்கின் குரல். அவனைக் கொண்டு ஸிரியைக் கைவிட வைக்க முடியாது, தேடலை நிறுத்திவிட்டு வீடு கட்டிக் குடியேற வைக்க முடியாது. தரப்படாத தேர்வுகள்தான் அவனை அவனாக நிறுத்துகின்றன. தரப்படும் தேர்வுகள், இந்த மனிதனால் செய்யக்கூடிய இரண்டு மூன்று காரியங்களில் எது என்ற அளவுக்குள் இருக்கின்றன.

அந்தத் தேர்வுகளின் பலனும் தாமதமாகவே வருகிறது. வெலெனின் பாரன் ஃபிலிப் ஸ்ட்ரெங்கர் கதை இதற்குச் சிறந்த சான்று. குடிகாரன். மனைவி அன்னாவை அடித்து அடித்து அவள் கர்ப்பம் கலைந்தது. அவளும் மகள் தமாராவும் ஓடிவிட்டார்கள். அவர்களைக் கண்டுபிடித்துத் தந்தால் ஸிரியைப் பற்றிச் சொல்கிறேன் என்று பேரம் பேசுகிறான். அவன்மேல் வெறுப்பு வருவதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் ஸிரிக்கு அடைக்கலம் தந்து, அவளை அன்போடு நடத்தியவனும் அவன்தான். முறையாக அடக்கம் செய்யப்படாத அந்தக் கரு பேயுருவாக எழுந்துவிட, அதைச் சாந்தப்படுத்த அவனே அதை இரவில் கையில் ஏந்தி வீட்டு வாசல்வரை நடந்து, பெயர் வைத்துப் புதைக்க வேண்டும். நாம் பக்கத்தில் நடக்கிறோம். அது முரண்டு பிடிக்கும்போதெல்லாம் மந்திரச் சைகையால் அமைதிப்படுத்துகிறோம். தன் கையால் அழித்ததைத் தன் கையில் சுமந்து நடக்கிறான். மன்னிப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. அந்த நடை முடியும்போது அவனை வெறுப்பதும் முடியவில்லை, மன்னிப்பதும் முடியவில்லை என்ற நிலைக்கு வந்துவிடுகிறோம்.

பிறகு ஒரு மரத்தடியில் சிறைப்பட்ட ஆவி வருகிறது. அதை விடுவிப்பதா, அழிப்பதா? விடுவித்தால் வனக்கிழவிகள் என்ற சூனியக்காரிகளின் பிடியில் சதுப்பில் வாழும் அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்தக் கிழவிகளிடமே சிக்கியிருந்த அன்னா சாகிறாள், பாரன் தூக்கில் தொங்குகிறான். அழித்தால் குழந்தைகளை வனக்கிழவிகள் தின்றுவிடுகிறார்கள். அன்னா புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருக்கிறாள், அவளைக் குணப்படுத்த பாரன் மலைகளைத் தாண்டி அழைத்துப் போகிறான். தேர்வு செய்யும் நிமிடத்தில் இதில் எதுவும் நமக்குத் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வேறு வேலையாகப் பாரனின் கோட்டைக்குத் திரும்பும்போது மரத்தில் ஒரு உடல் தொங்குகிறது. அப்போதுதான் பழைய நிமிடம் நினைவுக்கு வருகிறது.

இதே அறச்சிக்கலைத் தொடரின் முதல் எபிசோடும் எடுத்துக்கொள்கிறது, நன்றாகவே எடுத்துக்கொள்கிறது. பிளாவிகென் ஊரில் மந்திரவாதி ஸ்ட்ரெகோபோர் ரென்ஃப்ரி என்ற பெண்ணைக் கொல்லச் சொல்கிறான். ரென்ஃப்ரி ஸ்ட்ரெகோபோரைக் கொல்லச் சொல்கிறாள். இரண்டு தீமைகளில் சிறியது எது என்று தேர்ந்தெடுக்க மாட்டேன் என்ற கெரால்ட் கடைசியில் ரென்ஃப்ரியைக் கொல்கிறான், ஊர் அவனைக் கல்லால் அடிக்கிறது. எம்மா ஆப்பிள்டன் ரென்ஃப்ரியாக வரும் அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிடுகிறது. ஹென்றி கேவில் அவள் உடலைக் குனிந்து பார்க்கும் பார்வையில் கெரால்டும் கிடைத்துவிடுகிறான். திரை தன் பார்வையாளருக்குத் தேர்வைக் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் விளைவைத் தாமதமாகக் கொண்டுவர அதனால் முடியும். பிளாவிகெனின் பழி அடுத்தடுத்த ஊர்களில் கெரால்டைத் துரத்தும்போது அது நடக்கவும் செய்கிறது. ஆனால் முதல் சீசன் மூன்று காலங்களை முன்னும்பின்னுமாகக் கலைத்துப் போட்டதால், விளைவு முதலிலும் காரணம் பிறகுமாக வந்துவிடுகிறது. ஸின்ட்ராவின் அரசி கலாந்தே முதல் எபிசோடிலேயே இறந்துவிடுகிறாள், நான்காம் எபிசோடில் இளமையோடு விருந்தில் சிரிக்கிறாள். அவளுக்கு அது பொருந்துகிறது. சாவைத் தெரிந்துகொண்டு சிரிப்பைப் பார்ப்பதில் ஒரு வலி இருக்கிறது. கெரால்டுக்கும் ஸிரிக்கும் அது பொருந்தவில்லை. ஒருவரை நோக்கி ஒருவர் நெருங்குகிறார்கள் என்பதை உணரக் காலம் ஒரே திசையில் ஓடியாக வேண்டும்.

கெரால்டின் காதலியான சூனியக்காரி யென்னஃபரைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழாகிறது. கேமில் அவள் முழுமையாக வளர்ந்த, ஆணையிடும், கூர்மையான பெண்ணாக வந்து நிற்கிறாள். முதல் இரண்டு கேம்களில் கெரால்டோடு இருந்தது டிரிஸ் என்ற இன்னொரு சூனியக்காரி. யென்னஃபர் நேரில் வருவது மூன்றாவதில்தான். நாவல் படிக்காதவர்களுக்கு இவள் ஏன் இப்படி என்று புரிய நேரமெடுக்கிறது. ஸ்கெலிகேயில் ஒரு ஜின்னைத் தேடிப்போய், தங்கள் இருவரையும் பிணைத்த பழைய வரத்தை அவள் அறுத்துக்கொள்ளும் பகுதி வந்த பிறகுதான் அவள் முழுதாகத் திறக்கிறாள். தன் காதல் தன்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ளத் துணிகிற அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும். தொடர் இதைவிட முன்னால் போகிறது. நாவல்களில் குறிப்புகளாகச் சிதறிக்கிடக்கும் அவளுடைய இளமையை அது ஒரு வாழ்க்கையாகவே எழுதிக் காட்டுகிறது: கூன் விழுந்த உடல், நாலு மார்க் காசுக்கு மகளை விற்ற தகப்பன், அவளை வாங்கிப் போகும் ஆசிரியை டிஸ்ஸாயா. அன்யா சலோத்ரா அந்தப் பெண்ணின் கோபத்தை முதுகுத்தண்டிலேயே வைத்து நடிக்கிறார்.

மூன்றாம் எபிசோடை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. சாபத்தால் ஸ்ட்ரீகா என்ற பேய்விலங்காகிவிட்ட இளவரசியோடு கெரால்ட் விடியும்வரை போராடுகிறான். சப்கோவ்ஸ்கியின் முதல் கதை இதுதான். 2007இல் வந்த முதல் கேமின் தொடக்கக் காணொளியும் இதே சண்டைதான். அதை இயக்கியவர் டோமாஷ் பாகின்ஸ்கி. அவரே பிறகு நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரானார். பழைய காணொளியில் சண்டை சண்டையாகவே இருந்தது, அசாத்தியமான சண்டை. தொடரிலோ அதைத் துண்டாக்கி, யென்னஃபரின் உடல் மாற்றப்படும் காட்சியோடு மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் மிருக உடலிலிருந்து மனித உடலுக்குத் திரும்பத் துடிக்கிறாள்; இங்கே ஒருத்தி தன் கருப்பையை விலையாகக் கொடுத்துப் புதிய உடல் வாங்கிக்கொள்கிறாள். இரண்டு அலறல்களையும் அடுத்தடுத்து வைக்கத் திரைக்குத்தான் முடியும். ஒரே நேரத்தில் ஒரே உடலுக்குள் ஆடுபவரைக் கட்டிப்போடும் கேமுக்கு இது கைவராது. முதல் சீசனின் மிகச் சிறந்த இடம் இது. கெரால்டும் யென்னஃபரும் ஒருவரையொருவர் பார்க்கும் முன்பே, இருவரும் செய்யப்பட்ட உடல்களுக்குள் வாழ்கிறவர்கள் என்ற உறவு நம் மனதில் ஏற்பட்டுவிடுகிறது.

இப்படிக் கட்டிய பாத்திரத்தைத்தான் இரண்டாம் சீசனில் அவர்களே குலைத்தார்கள். மந்திர சக்தியை இழந்த யென்னஃபர் அதைத் திரும்பப் பெற ஸிரியை ஒரு பிசாசுக்குப் பலி கொடுக்கத் துணிகிறாள். கடைசியில் மனம் மாறித் தன்னையே கொடுக்க முன்வருகிறாள் என்பது சரி. ஆனால் நாவல்களிலும் கேமிலும் ஸிரிக்குத் தாயாக இருப்பவள் அவள். தாயாவதற்கு முன்பே துரோகியாக்கினால், பிறகு வரும் தாய்மை பரிகாரம் போலத் தெரிகிறது. புத்தகத்திலிருந்து விலகினார்கள் என்பது என் குறை இல்லை. ரென்ஃப்ரியிலும் இளமை யென்னஃபரிலும் விலகியபோது வரவேற்றவன்தான் நான். விலகல் எதைத் தின்றுகொண்டு வளர்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே அது ஓர் உறவின் முளையைத் தின்றுவிட்டது.

எஸ்கெலுக்கு நேர்ந்ததும் இதுதான். கெரால்டோடு வளர்ந்த சக விட்சர் அவன். தொடரின் இரண்டாம் சீசனில் கேர் மோர்ஹெனுக்கு ஆரவாரமாக வருகிறான், முரட்டுத்தனமாகப் பேசுகிறான், அந்த ஒரே எபிசோடுக்குள் மரப்பேயாக மாறி கெரால்டின் கையாலேயே சாகிறான். இறந்தது கெரால்டின் சகோதரன் என்று வசனம் நமக்குத் தெரிவிக்கிறது; நாம் பார்த்தது ஓர் எரிச்சலூட்டும் விருந்தாளியை. ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. கேமில் எஸ்கெலோடு மலையில் ஒரு பறக்கும் விலங்கை வேட்டையாடப் போகிறோம். பிறகு கேர் மோர்ஹெனில் நடக்கும் பெரும் போருக்கு முன்னால் ஒரு இரவு: கெரால்ட், எஸ்கெல், இன்னொரு விட்சரான லாம்பர்ட் மூவரும் மூக்குமுட்டக் குடித்து, யென்னஃபரின் உடைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, மந்திரக் கருவி வழியாக ஏதோ ஒரு சூனியக்காரியைக் கூப்பிடப் பார்க்கிறார்கள். கதைக்கு அந்த இரவால் நயாபைசா பயனில்லை. ஆனால் அடுத்து வரும் போரில் அந்தக் கோட்டை தாக்கப்படும்போது தாக்கப்படுவது ஒரு வீடாக இருக்கிறது. அதே போரில் வெஸெமிர் ஸிரியைக் காப்பாற்றச் செத்துப்போகிறார். கேமின் தொடக்கத்தில் நம்மோடு குதிரையில் வந்தவர் அவர்; கனவில் தூங்கிவழிந்த ஆசான் அவர். எழுத்தாளர்கள் அந்தச் சாவுக்கு வேண்டியதை முதல் காட்சியிலிருந்தே சேமித்து வந்திருக்கிறார்கள்.

சாவுக்குப் பிறகு வருவது இன்னும் நுட்பமானது. ஸிரி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து குடிக்கலாம். அல்லது வெளியே இழுத்துப்போய்ப் பனியுருண்டை எறிந்து விளையாடலாம். சாதாரணமான தேர்வு போலத்தான் தெரிகிறது. பின்னால் சூனியக்காரிகளின் சபைக்கு அவளோடு கூடவே போவதா, தனியாகப் போக விடுவதா? அவள் கோபத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை நொறுக்க நினைக்கும்போது தடுப்பதா, விட்டுவிடுவதா? தனக்காக உயிர்விட்ட இளைஞனின் கல்லறையைப் பார்க்க அவள் கேட்டால் நேரம் ஒதுக்குவதா? இவற்றையெல்லாம் கூட்டித்தான் கேம் அவள் வாழ்வா சாவா என்று தீர்மானிக்கிறது. வாள்வீச்சு, சேர்த்த தங்கம், கொன்ற அரக்கர்களின் எண்ணிக்கை எதுவும் அந்தக் கணக்கில் வராது. அவளைக் குழந்தையாக நடத்தினோமா, வளர்ந்தவளாக நம்பினோமா என்பது மட்டுமே வரும். கேம் உலகில் இதுவரை நான் கண்ட மிக நேர்மையான முடிவு அமைப்பு இதுதான்.

யாஸ்கியரைப் பற்றி ஒரு வார்த்தை. கேமில் டாண்டிலயன் என்ற பெயரில் வரும் அதே பாணன். ஜோயி பேட்டி நடித்த தொடர்ப் பாத்திரம் முதல் சீசனில் எல்லாரையும் கவர்ந்தது. அதிகம் பேசாமல் உறுமிக்கொண்டே திரியும் கேவிலின் கெரால்டைப் பார்த்துச் சலிக்காமல் பேசிக்கொண்டிருக்க ஒருவன் இருந்தான், அவன் கண் வழியாக நாமும் கெரால்டைப் பார்த்தோம். ஆறாம் எபிசோடில் மலையுச்சியில் கெரால்ட் அவனைக் கடிந்து விரட்டும்போது வலித்தது. அவர்கள் ஒன்றாக நடந்த தூரத்தை நாமும் நடந்திருந்தோம். ஸிரிக்குக் கிடைக்காதது யாஸ்கியருக்குக் கிடைத்திருந்தது.

கேமிலும் ஓட்டைகள் உண்டு. தலைமை வில்லன் எரெடின் வெறும் கவசம். அவன் என்ன நினைக்கிறான் என்று கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை, அவனைக் கொல்லும்போது ஒரு வேலை முடிந்தது போலிருக்கிறது. பேரரசன் எம்ஹிருக்கு சார்ல்ஸ் டான்ஸின் குரல் கொடுத்த கம்பீரம்கூட எரெடினுக்கு வாய்க்கவில்லை. மகளுக்கு உயிராபத்து என்ற அவசரத்தில் இருக்கும் தகப்பன் ஊர் ஊராகச் சீட்டாடிக்கொண்டு திரியவும் கேம் அனுமதிக்கிறது. ஆனாலும் அறிவிப்புப் பலகையைப் படிப்பது, ஊர்த் தலைவரிடம் கூலி பேசுவது, தடம் பார்ப்பது, வாளுக்கு எண்ணெய் தடவுவது என்று கெரால்டின் தொழிலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதில் இந்த அலைச்சலுக்கும் ஒரு பலன் இருக்கிறது. ஒரு மனிதனின் தொழிலை நம் கையால் செய்த பிறகு அவன் களைப்பு நமக்கு அந்நியமாக இருப்பதில்லை. தொடர் பெரும்பாலான வேட்டைகளைச் சண்டையிலேயே தொடங்கிச் சண்டையிலேயே முடித்துவிடுகிறது.

தொடரை எழுதியவர்களுக்கும் இது புரியாமல் இல்லை. இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் கெரால்ட், ஸிரியை அழைத்துக்கொண்டு பழைய நண்பன் நிவெல்லனின் வீட்டில் தங்குகிறான். காட்டுப்பன்றி முகத்தோடு சபிக்கப்பட்ட நிவெல்லனாக கிறிஸ்டோஃபர் ஹிவ்யூ. சிரிப்பும் உணவும் விளையாட்டுமாகத் தொடங்கி, நிவெல்லன் செய்த பாவம் வெளிப்படும்போது ஸிரியின் முகம் மாறுவதையும், அவளைப் பார்த்து கெரால்டின் முகம் மாறுவதையும் கேமரா நின்று காட்டுகிறது. பிரிந்திருந்த எட்டு எபிசோடுகள் தராத உறவை இந்த ஒன்று தந்துவிட்டது. மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் கெரால்டும் யென்னஃபரும் ஸிரியும் ஒளிந்து ஒளிந்து இடம் மாறி, ஒரு குடும்பமாகும் நாட்களும் அப்படியே. 2025 அக்டோபரில் வந்த நான்காம் சீசனில் மறுபடி பிரிவு: ஸிரி 'எலிகள்' என்ற கொள்ளைக் கூட்டத்தில் வேறு பெயரில், கெரால்ட் தோழர்களோடு அவளைத் தேடி எங்கோ. கேவில் போய் லியம் ஹெம்ஸ்வொர்த் வந்துவிட்டார், முகமே மாறிவிட்டது. அப்படியும் அவள் இழந்தது என்னவென்று இந்த முறை பார்வையாளருக்குத் தெரியும், அவன் ஏன் நிற்காமல் நடக்கிறான் என்பதும் தெரியும். முதல் சீசனில் கேவிலின் முகத்தாலேயே நிற்க முடியாத பிரிவு, புதிய முகத்தோடும் இப்போது ஓரளவு நிற்கிறது.

2024 டிசம்பரில் ஸி.டி. புரொஜெக்ட் ரெட் முன்னோட்டம் வெளியிட்ட நான்காவது கேமில் நாயகி ஸிரி. இத்தனை காலம் அவளுக்காகப் பயந்தவர்கள் இனி அவளாகவே நடக்க வேண்டும். முன்னோட்டக் காணொளியில் ஒரு கிராமம் ஓர் இளம்பெண்ணை அரக்கனுக்குப் பலியிட அனுப்புகிறது. ஸிரி அரக்கனைக் கொன்று அவளைக் காப்பாற்றுகிறாள். திரும்பி வந்து பார்த்தால் ஊராரே அந்தப் பெண்ணைக் கொன்றிருக்கிறார்கள். கெரால்ட் பிளாவிகெனில் கற்ற பாடத்தின் இன்னொரு வடிவம் இது. அந்தப் பெண்ணோடு முன்னோட்டத்தில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், அதற்கே மனம் கனக்கிறது. கேம் வெளிவரும்போது முதலில் நான் பார்க்கப்போவது ஸிரியின் புதிய மந்திரங்களையோ உலகத்தின் பரப்பையோ இல்லை. அப்படி ஒருத்தியோடு, அவள் சாகும் முன்பு, ஒன்றுமே நடக்காத ஒரு மாலை நேரத்தைக் கழிக்க எழுத்தாளர்கள் இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன்.